மறுகாலுக்கு எடுத்த ஆரத்தி

ஹரித்வாருக்கு நான் போனது வள்ளுவரைப் பார்க்க. ஆரத்தி பார்க்கிற உத்தேசம் இருக்கவில்லை. 2022 அக்டோபரில் டெல்லியில் மொழிபெயர்ப்பு பற்றிய ஒரு கருத்தரங்கு முடிந்து இரண்டு நாள் மிச்சமிருந்தது. உடன் வந்திருந்த நண்பர், இந்தியிலிருந்து தமிழுக்குச் சிறுகதைகள் கொண்டுவருபவர், 'காஷ்மீரி கேட்டுல காலைல பஸ் ஏறினா மத்தியானத்துக்குப் போயிரலாம் தோழர்' என்றார். ஊரிலிருந்து கிளம்பும்போதே அம்மா ஒரு கேன் கங்கைத் தண்ணீர் கேட்டிருந்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டெல்லியில் ஓடுவது யமுனை, கங்கைக்கு ரொம்ப தூரம் என்று சொல்லித் தப்பித்து வந்திருந்தேன்.

வள்ளுவர் விஷயம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2016இல், பா.ஜ.க.வின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த தருண் விஜயின் முன்முயற்சியில், கன்னியாகுமரியிலிருந்து ஒரு திருவள்ளுவர் சிலை ஹரித்வாருக்குப் போனது. ஹர் கி பௌடி படித்துறையில் அதை வைக்க உள்ளூர்ப் புரோகிதர்களும் சாதுக்களில் சிலரும் ஒப்பவில்லை. சங்கராச்சாரியார் பேர் கொண்ட நாற்சந்திக்கு மாற்றினார்கள். அங்கேயும் எதிர்ப்பு. கடைசியில் கறுப்புப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு பூங்காவில் தரையில் கிடத்தினார்கள். வள்ளுவரின் சாதி பற்றிய ஐதீகம்தான் காரணம் என்று செய்தி வந்தது. அதெல்லாம் இல்லை என்று மறுப்பும் வந்தது. அந்த டிசம்பரில் மேளா பவன் வளாகத்தில் நிறுவினார்கள். இங்கே நாம் கண்டனம் தெரிவித்தோம், கவிதை எழுதினோம். நானும் எழுதினேன்; மோசமான கவிதை.

மேளா பவனில் வள்ளுவர் நின்றுகொண்டிருந்தார். பார்த்தோம். நண்பர் படம் எடுத்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன், வரவில்லை. எந்தப் படியில் இவர் நிற்கக் கூடாது என்றார்களோ அந்தப் படியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அப்படித்தான் சாயங்காலம் ஹர் கி பௌடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே தண்ணீர் இல்லை.

முழுக்க இல்லை என்று சொல்வது தப்பு. படியை ஒட்டிக் கொஞ்சம் ஓடியது. அந்தப் பக்கம் கூழாங்கல்லும் சேறும் தெரிந்தன. 'என்ன தோழர், உங்க அம்மா கேட்ட கங்கை வத்திப்போச்சே' என்றார் நண்பர். டீக்கடையில் விசாரித்தோம். வருஷா வருஷம் தசரா அன்று நள்ளிரவில் பீம்கோடாவில் மதகை இறக்கிக் கால்வாயை அடைத்துவிடுவார்களாம். தூர் வாரவும் ஷட்டர் பழுது பார்க்கவும். தீபாவளிக்குத் திறப்பார்கள். இதற்கு உள்ளூரில் 'கங்கா பந்தி' என்று பேர். நம் சாப்பாட்டுப் பந்தி இல்லை, நமக்கு நன்றாகத் தெரிந்த 'பந்த்' என்ற சொல்லின் உறவு. ஆறு எப்படி அடைபடும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மலையடிவாரப் பக்கம் கையைக் காட்டினார். பெரிய ஆறு அங்கே கிழக்கே, சண்டி மலைக்குக் கீழே, 'நீல் தாரா' என்ற பேரில் போகிறது. படித்துறைக்கு வருவது மேலே இருக்கும் தடுப்பணையிலிருந்து திருப்பிவிட்ட கிளை.

வற்றிய படுகைக்குள் பையன்களும் பெண்களும் ஒரு கிழவரும் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் சல்லடை, சிலர் கையில் கயிற்றில் கட்டிய காந்தம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் இப்போது எஃகில் வருவதால் காந்தத்தில் ஒட்டும். பக்தர்கள் ஒரு வருஷமாக ஆற்றில் போட்ட காசு, எப்போதாவது ஒரு மூக்குத்தி. கங்கை ஓடும்போது கோயில் பக்கத்து ஆட்களுக்கு வருமானம். கங்கை அடைபட்டால் இவர்களுக்கு. தீபாவளி வரைக்கும்தான்.

இருட்டத் தொடங்கியதும் ஆரத்தி. நடைமுறையை நான் பார்த்தபடி சொல்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே படிகளிலும் எதிர்த் திட்டிலும் ஜனங்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். நீலச் சீருடை போட்ட ஆட்கள் ரசீதுப் புத்தகத்தோடு வரிசைக்குள் நடக்கிறார்கள். சபைக்கு நன்கொடை, கொடுத்தால் அந்த இடத்திலேயே ரசீது கிழித்துத் தருகிறார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல் எல்லோரையும் இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, தான் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறது. கங்கையை அசுத்தம் செய்ய மாட்டேன், சோப்புப் போட மாட்டேன், பிளாஸ்டிக் போட மாட்டேன் என்கிற மாதிரி. அல்தூசர் சொன்ன 'விளித்தல்' இதுதான் என்று மனசு ஒரு பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போதே என் கைகள் மேலே இருந்தன. போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறவன் குடிமகன் ஆகிறான். இங்கே 'கங்கை மாதாவின் பிள்ளைகளே' என்று கூப்பிட்டதும் கை தூக்கியவன் என்னவாக ஆகிறான் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

புரோகிதர்கள் கடைசிப் படியில் வரிசையாக நின்றார்கள். கையில் அடுக்கு தீபம். பித்தளை, நல்ல கனம், நெய்யில் ஊறிய திரிகள். தீ கொழுந்து விட்டதும் பிடி சுட ஆரம்பித்துவிடும். அதற்காக ஈரத் துணியைக் கையில் சுற்றிக்கொள்கிறார்கள். சங்கு, மணி, ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டு. வட இந்தியா முழுக்க இன்று எந்தத் தெய்வத்துக்கும் பாடப்படும் ஆரத்திப் பாட்டின் வார்ப்பை உருவாக்கியவர் 19ஆம் நூற்றாண்டுப் பஞ்சாபியான ஷ்ரத்தாராம் பில்லௌரி. இந்தியின் ஆரம்ப கால நாவல்களில் ஒன்றை எழுதியவரும் அவர்தான். ஆரத்திப் பாட்டும் நாவலும் ஒரே பேனாவிலிருந்து வந்திருப்பது நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். பாட்டு முடிந்ததும் தீபத்தை ஜனங்களுக்கு நடுவே கொண்டு வருகிறார்கள். உள்ளங்கையைச் சுடரில் காட்டி முகத்தில் ஒற்றிக்கொள்கிறார்கள். தட்டில் காசு விழுகிறது. அப்புறம் அவரவர் வாங்கி வைத்திருந்த தொன்னை விளக்கை ஆற்றில் விடுவது. இலைத் தொன்னை, அதில் பூ, ஒரு திரி. அன்றைக்குத் தண்ணீர் போதவில்லை. தொன்னைகள் கல்லில் தட்டித் தட்டி நின்றன. காசு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பையன் குச்சியால் அவற்றைத் தள்ளிவிட்டுக்கொண்டே போனான். யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனாகவே செய்தான்.

இந்த இடத்தில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த வியாதி உண்டு, பொறுத்துக்கொள்ளவும். நம் கோயில்களில் தீபாராதனை என்கிறோம், வீட்டில் ஆலத்தி என்கிறோம். 'ஆலத்தி'யும் 'ஆரத்தி'யும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். 'ஆராத்ரிகம்' என்ற அந்தச் சொல்லுக்குள் இரவு இருக்கிறது. ஆனால் இரண்டும் செய்கிற காரியம் வேறு. கருவறை இருட்டு; கற்பூரத்தைக் காட்டும்போதுதான் சாமியின் முகம் தெரிகிறது. 'கற்பூரம் காட்றது' என்று பேச்சில் சொல்கிறோமே, சாமிக்குக் கற்பூரத்தைக் காட்டுகிறோமா, கற்பூரத்தால் சாமியை நமக்குக் காட்டுகிறோமா என்பது அந்த வினைச்சொல்லிலேயே பிடிபடாமல் இருக்கிறது. வீட்டு ஆலத்தி அப்படியல்ல. அதை எடுப்பவர்கள் பெண்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீர். யாருக்கு? கல்யாணம் முடிந்து வாசலில் நிற்கும் ஜோடிக்கு, பிள்ளை பெற்று வருகிறவளுக்கு, நெடும்பயணம் போய்த் திரும்பியவனுக்கு. பலர் கண் பட்ட உடம்புக்கு. கண்ணேறு கழித்து, அந்தத் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிடுகிறார்கள். ஆலத்தி எடுக்கப்படுபவர் ஆபத்தில் இருப்பவர்.

ஆற்றங்கரையில் இந்த இரண்டுமே பொருந்தவில்லை. ஆறு இருட்டறையில் இல்லை. பகலெல்லாம் பார்த்த ஆறுதான், விளக்கால் புதிதாகத் தெரிய எதுவும் இல்லை. தெரிவது விளக்குதான், விளக்கைப் பார்க்கும் கூட்டம்தான். கூட்டம் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. இப்போது தலைக்கு ஒரு கைபேசியும் உயர்வதால் தன்னைத் தானே படமும் எடுத்துக்கொள்கிறது. ஆபத்தில் இருப்பவருக்கு எடுக்கிற ஆலத்தி என்று வைத்துக்கொண்டாலோ, அன்றைக்கு என் எதிரில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீருக்கு அது மிகவும் பொருந்தும். ஆனால் ஆபத்து யாரால் என்று அந்த ஒலிபெருக்கி சொல்லவில்லை. சொன்னது சோப்பைப் பற்றி.

ஒரு காலத்தில் இதே படித்துறையில் அதைச் சொன்னார்கள் என்பதுதான் நான் ஊருக்குத் திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமும் அதுவே.

1837-38 பஞ்சத்துக்குப் பின் கங்கையிலிருந்து ஒரு பாசனக் கால்வாய் வெட்டும் திட்டம் உருவானது. பொறியாளர் புரோபி காட்லி. 1842இல் தொடங்கிய வேலை 1854இல் முடிந்தது. ஹரித்வார்ப் புரோகிதர்கள் எதிர்த்தார்கள்: கங்கையைச் சிறைவைக்காதே. காட்லி சாமர்த்தியசாலி. அணையில் ஓர் இடைவெளி விட்டு அதன் வழியே தண்ணீர் தடையின்றிப் போகவிட ஒப்புக்கொண்டார். படித்துறைகளைச் செப்பனிட்டுக் கொடுத்தார். பிள்ளையாருக்குப் பூஜை போட்டு அணையைத் தொடங்கிவைத்தார். காலனியமும் சடங்கும் எதிரெதிர் என்று நினைப்பவர்கள் இந்தப் பிள்ளையார் பூஜையைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆட்சி அன்றிலிருந்தே சடங்கின் வழியாகப் பேசத் தெரிந்துகொண்டிருந்தது. ஆனால் எதிர்த்தரப்புக்கும் ஒன்று கிடைத்தது. அந்த இடைவெளி. அது கருத்தல்ல, குறியீடல்ல. கல்லுக்கு நடுவே விட்ட வெற்றிடம், தண்ணீர் போகிற வழி.

1910களில் பீம்கோடாவில் நிரந்தரத் தலைமதகு கட்டும் வேலை வந்தபோது அந்த இடைவெளி மூடப்படும் நிலை வந்தது. மதன் மோகன் மாளவியா தலைமையில் கிளர்ச்சி. சமஸ்தான மன்னர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1916 டிசம்பரில் ஐக்கிய மாகாண அரசுக்கும் இந்துத் தலைவர்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டது: இடைவெளி இருக்கும், ஹர் கி பௌடிக்கும் மற்றப் படித்துறைகளுக்கும் நொடிக்கு 1000 கன அடித் தண்ணீர் வரும். 'அவிரல் தாரா' என்பது அவர்கள் கோஷம். அறுபடாத ஒழுக்கு. இன்று ஆரத்தியை நடத்தும் கங்கா சபா தோன்றியது அதே 1916இல், அதே கிளர்ச்சியின் வழியாக. அதாவது, காலங்காலமாக நடந்து வருகிறது என்று வழிகாட்டிகள் சொல்லும் இந்த மாலைச் சடங்கை இன்று நடத்துகிற அமைப்பு, ஒரு தண்ணீர்ப் போராட்டத்தின் பிள்ளை. கன அடிக் கணக்கில் அரசோடு பேரம் பேசிய இயக்கம்.

இதைச் சொன்னதும் நண்பர்கள் சிலர் சந்தோஷப்படக்கூடும், 'பார்த்தீர்களா, பக்திக்குள் எதிர்ப்பு' என்று. அவசரப்பட வேண்டாம். இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 1915இல் கும்பமேளாவின்போது இதே ஹரித்வாரில்தான் அகில இந்திய இந்து சபை அமைந்தது. பின்னாளில் இந்து மகாசபை என்று ஆனது. ஹர் கி பௌடிக்குள் இந்து அல்லாதார் வரக்கூடாது என்று வாதாடுகிறவர்கள் இன்றைக்கும் கையில் எடுப்பது 1916ஆம் வருஷத்து நகராட்சி விதிகளை. தண்ணீருக்குத் தடை கூடாது என்ற இயக்கமும் மனுஷனுக்குத் தடை வேண்டும் என்ற விதியும் ஒரே காலத்து, ஒரே ஊர்ச் சரக்கு. கறுப்புத் தாளில் சுற்றப்பட்ட வள்ளுவரை இந்த இடத்தில் நான் நினைத்துக்கொண்டேன். 1915 கும்பமேளாவுக்கு காந்தியும் வந்திருந்தார். ஜனங்கள் கங்கைக் கரையை அசுத்தம் செய்வதைப் பார்த்து வேதனைப்பட்டதை சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். ஒரே படித்துறையில் மாளவியாவுக்கு ஒழுக்குப் பிரச்சனை, காந்திக்குத் தூய்மைப் பிரச்சனை. இருவரும் பேசாத பிரச்சனை படியில் யார் நிற்கலாம் என்பது.

இனி 2016. உடன்பாட்டுக்குச் சரியாக நூறு வருஷம். கங்கைக் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டடங்கள் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் நெருக்கடி வந்தபோது, ஹரீஷ் ராவத் தலைமையிலான உத்தரகண்ட் காங்கிரஸ் அரசு ஓர் உத்தரவு போட்டது. ஹர் கி பௌடி வழியாக ஓடுவது கங்கை அல்ல, 'எஸ்கேப் சேனல்'. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இதற்கு ஈடாக ஒரு சொல் உண்டு: மறுகால். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. ஆறு இல்லை என்று ஆகிவிட்டால் 200 மீட்டரும் இல்லை, ஓட்டல்களும் ஆசிரமங்களும் பிழைத்துக்கொள்ளும். ஒரு சொல்லை மாற்றியதில் எத்தனை கட்டடம் தப்பித்தது பாருங்கள். மொழிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு பற்றி நாம் பிரெஞ்சுக்காரர்களை மேற்கோள் காட்டிப் பக்கம் பக்கமாக எழுதியதை ஓர் அரசு உத்தரவு ஒரே வரியில் நடத்திக் காட்டியது. 2020இல் ராவத், தான் செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார்; அந்த நவம்பரில் பா.ஜ.க. முதல்வர் திரிவேந்திர சிங் ராவத் உத்தரவை ரத்து செய்வதாக அறிவித்தார். கங்கை மறுபடி கங்கை ஆனது. இடைப்பட்ட நாலு வருஷமும் அரசுக் காகிதத்தின்படி ஆரத்தி மறுகாலுக்குத்தான் எடுக்கப்பட்டது.

இதை அம்மாவிடம் சொன்னேன். (தண்ணீர் கொண்டுவந்துவிட்டேன். வற்றியிருந்த அந்த ஓட்டத்திலிருந்து, கடைத்தெருவில் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் கேனில்.) அவள் அப்பா வயலுக்கு மடை பார்க்கிற வேலை செய்தவர். 'வாய்க்காத் தண்ணி மட்டும் எங்கெருந்துல வருது? ஆத்துலருந்துதான வருது' என்றாள். காகிதம் பிரித்த இரண்டை அவள் சேர்த்துவிட்டாள். நான் சொல்ல வந்தது என்னமோ அதற்கு நேர்மாறு: சேர்ந்தே இருக்கும் இரண்டில், எது எப்போது ஆறு, எது எப்போது கால்வாய் என்று சொல்லும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பது. பக்தர் கங்கை என்கிறார். பாசனத்துறை கால்வாய் என்று மதகை இறக்குகிறது. அரசு உத்தரவு மறுகால் என்றது. சபை ரசீது கிழிக்கிறது. எல்லோரும் அதே தண்ணீரைத்தான் சொல்கிறார்கள்.

அந்த 1000 கன அடி என்ன ஆயிற்று? அன்றைக்கு மாலை இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, கேட்கவில்லை. தெரிந்திருந்தால் ரசீதுப் புத்தகக்காரரிடம் கேட்டிருப்பேன். ஆனால் ஒழுக்கைக் கேட்டவர்கள் அந்த ஊரில் இல்லாமல் போகவில்லை. ஹரித்வாரை ஒட்டிய மாத்ரி சதன் என்ற ஆசிரமத்தில், ஆற்றுப் படுகையில் நடந்த கல், மணல் கொள்ளைக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்த நிகமானந்தா 2011 ஜூனில் செத்துப்போனார். முப்பத்தைந்துகூட நிரம்பாத வயது. அதே ஆசிரமத்தில் 2018 ஜூன் 22 முதல் உண்ணாவிரதம் இருந்த ஜி.டி. அகர்வால், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலர், பிறகு சாமியாராகி ஞான ஸ்வரூப் சானந்த் ஆனவர், அக்டோபர் 11ஆம் தேதி ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 86. மேலே, மலைக்குள், கங்கையின் மூல நதிகளில் கட்டும் நீர்மின் திட்டங்களை நிறுத்து என்பது அவர் கோரிக்கை. 1916இல் மாளவியா கேட்ட அதே ஒழுக்கு. மாளவியாவோடு அரசு உடன்பாடு செய்துகொண்டது வெள்ளைக்காரன் காலத்தில். காவி கட்டிய அகர்வால் பட்டினி கிடந்து செத்தது, கங்கைக்கென்று 'நமாமி கங்கே' என்ற 20,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்த ஆட்சியில்.

நான் சொல்ல வருவது இந்த நகர்வைத்தான். எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வி, எவ்வளவு சுத்தம் என்ற கேள்வியாக மாறிவிட்டது. முதல் கேள்வி அரசைப் பார்த்துக் கேட்டது: மதகு உன் கையில். இரண்டாவது கேள்வி படியில் குந்தியிருக்கும் கிழவியைப் பார்த்துக் கேட்கிறது: சோப்பு உன் கையில். கை தூக்கியவன் என்னவாக ஆகிறான் என்று விட்டுவைத்தேனே, அவன் குற்றவாளியாக ஆகிறான். செல்லமான குற்றவாளி, மன்னிக்கப்பட்ட குற்றவாளி, கையில் ரசீதோடு. இப்படி ஆன பிறகு சடங்கை அரசு கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். வாரணாசி தசாஸ்வமேதப் படித்துறையில் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் மேடை, பட்டுடுத்திய இளைஞர்கள், ஒரே தாளத்தில் சுற்றும் விளக்குகள், இந்த வடிவமெல்லாம் 1990களில் உருவானது. 2014 மே மாதம் தேர்தல் வெற்றிக்கு மறுநாள் மோடி அங்கே உட்கார்ந்தார். 2015 டிசம்பரில் ஜப்பான் பிரதமர் அபேயைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த புத்தகத்துக்கு 'மரபைக் கண்டுபிடித்தல்' என்று பேர். அதைக் காட்டி, இது போலி மரபு என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அது போதவில்லை. எல்லா மரபும் ஒருநாள் யாரோ தொடங்கியதுதானே. ஹரித்வாரில் தொடங்கும்போது அதற்குள் ஒரு கேள்வி இருந்தது. போன கேள்வி எங்கே போனது என்பதுதான் விஷயம்.

நம் தோழர்கள் சடங்கு என்றாலே இரண்டு அலமாரிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் 'மூடநம்பிக்கை' என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் 'நாட்டார் பண்பாடு' என்று. பிராமணப் புரோகிதர் செய்தால் முதல் அலமாரி, சாமியாடி செய்தால் இரண்டாவது. தாமிரபரணியில் நாம் செய்வது எந்த அலமாரியில் வரும்? 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் ஆற்றுக்குள் 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தை உட்பட. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஊரில் ஒரு வாரம் யாரும் ஆற்றில் குளிக்கவில்லை என்பது நினைவு. ஒவ்வொரு ஜூலை 23ஆம் தேதியும் கட்சிகளும் இயக்கங்களும் கொக்கிரகுளம் கரைக்குப் போய் ஆற்றில் பூத் தூவுகின்றன. கல்லூரி நாளிலிருந்து நானும் போகிறேன். வீரவணக்கம் என்கிறோம். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட இடம், பூ, தண்ணீர், கூட்டமாகச் சொல்லும் சொற்கள். சடங்கு இல்லையென்றால் வேறு என்ன? அரசு கொன்றது என்ற ஒரு வாக்கியத்தை இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பூக்கள்தான் சுமந்துகொண்டிருக்கின்றன.

அதே ஆற்றில் 2018 அக்டோபரில் மகாபுஷ்கரம் நடந்தது. காசி பாணியில் அடுக்கு தீப ஆரத்தி எங்கள் படித்துறைகளுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. அகர்வால் ரிஷிகேஷில் செத்ததும் அந்த நாட்களில்தான். இரண்டையும் சேர்த்து அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. ஒரு படித்துறையில் நின்று பார்த்தேன். இங்கேயும் உறுதிமொழி: குப்பை போட மாட்டோம், சோப்புப் போட மாட்டோம். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பானம் தயாரிக்கிறவர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் போவதை மதுரைக் கிளை 2016 நவம்பரில் தடுத்து, 2017 மார்ச்சில் தடையை விலக்கியது. அது நடந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. உறுதிமொழியில் அது பற்றி ஒரு சொல் இல்லை. ஊருக்குப் பேர் கங்கைகொண்டான் என்பதைக் கவனிக்கவும். கங்கைத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவரச் செய்து ஏரியில் கொட்டி, அதையே நீராலான வெற்றித்தூண் என்று செப்பேட்டில் எழுதவைத்த ராஜேந்திரனின் பட்டப்பெயர். தண்ணீருக்குப் பேர் வைக்கிற அதிகாரம் நமக்கும் புதிதல்ல.

நாமோ அந்த புஷ்கரத்தின்போது துண்டறிக்கை போட்டோம், புஷ்கரம் புராணப் புரட்டு என்று. நான்தான் எழுதினேன். எழுதியது தப்பில்லை. ஆனால் படியில் கூடியிருந்த அவ்வளவு ஜனத்திடம், அவர்கள் கை தூக்கி நின்ற அந்த நேரத்தில், பாபநாசத்தில் இன்றைக்கு எத்தனை கன அடி திறந்தார்கள், அதில் எவ்வளவு வயலுக்கு, எவ்வளவு தொழிற்பேட்டைக்கு என்று ஒரு வரி அந்தத் துண்டறிக்கையில் இல்லை. எனக்கே அப்போது தெரியாது. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் நிச்சயம் இருந்தார்கள். என் அம்மாவும் இருந்தாள், பக்கத்து வீட்டு அக்காவோடு.

காவிரியிலும் 2017 புஷ்கரத்தையொட்டி மாலை ஆரத்தி நடந்தது. மற்ற ஆறுகளிலும் இப்போது ஆங்காங்கே நடக்கிறது. உங்கள் ஊர்ப் படித்துறையில் எப்போது தொடங்கியது, யார் செலவு செய்கிறார்கள், கடைசிப் படியில் யார் நிற்கிறார்கள், யாரை மேல்படியோடு நிறுத்துகிறார்கள், உறுதிமொழியில் என்ன வாசகம், அன்றைக்கு அணையில் எவ்வளவு திறந்திருந்தது: இவற்றைக் குறித்து வைத்திருக்கும் நண்பர்கள் எழுதினால் அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம்.